"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்": ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கலாமா?

முக்கூடல் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். முக்கால்வாசிப் பேருடைய அம்மாமார் பீடி சுற்றுகிறவர்கள். பிள்ளைகள் யாரும் சோம்பேறிகள் இல்லை. வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பதினாறாம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் சொல்வார்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு அவர்களுடைய விடைத்தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. 3எக்ஸ் + 5 = 20 என்று கொடுத்தால் எல்லோரும் எக்ஸ் = 5 என்று சரியாக எழுதுகிறார்கள். அதையே 20 = 3எக்ஸ் + 5 என்று திருப்பிப் போட்டால் நான்கு பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். 5 − எக்ஸ் = 8 என்பதற்கு ஏழு பேருடைய விடை 3. −எக்ஸ் = 3 என்பது வரை வந்துவிட்டு, அந்த மைனஸை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

என்னை உலுக்கியது ஒரு சிறுமி. எக்ஸ்/4 = 3 என்ற கணக்குக்கு அவள் எழுதிய விடை −12. பக்கத்தில் உட்காரவைத்து, "மைனஸ் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "நாலு அந்தப் பக்கம் போகிறது அல்லவா டீச்சர், குறி மாற வேண்டுமே" என்றாள். அவள் என்னை நம்பி, நான் சொன்ன விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். தவறு என் பேரில் இருக்கிறது.

நேற்று இன்னொன்றும் செய்து பார்த்தேன். 8 + 4 = என்று எழுதி, அடுத்து ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குப் பிறகு + 5 என்று எழுதினேன். கட்டத்துக்குள் என்ன எண் வரும்? பதினொரு பேரில் எட்டு பேர் 12 என்றார்கள். 7 என்று சொன்னவர்கள் மூன்றே பேர். இரண்டாம் வகுப்புக் கூட்டல் இது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்த விதியை விட்டுவிட்டு மறுபடி அடியிலிருந்து தொடங்கவா? அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டரை மாதம்தான் இருக்கிறது.

பாளை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

அம்மா, முப்பத்தொரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் கட்டக் கணக்கிலேயே நோய் தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சமக்குறி என்பது "விடையை இங்கே எழுது" என்ற கட்டளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து 8 + 4 = என்று எழுதி வலது பக்கம் விடை எழுதியே பழகியவர்கள். கால்குலேட்டரிலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் விடை வருகிறது. எட்டு வருடம் அப்படிப் பழகிய கண்ணுக்கு 20 = 3எக்ஸ் + 5 என்பது தலைகீழாக மாட்டிய படம் போலத்தான் தெரியும்.

இந்தக் குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டவர் முதலில் அச்சில் கொண்டுவந்தார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு எவை என்பதே அவர் சொன்ன காரணம். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. சமன்பாடு என்ற சொல்லைப் பிரித்துச் சொன்னாலே போதும். நாம்தான் அந்தச் சொல்லைப் பிள்ளைகளின் காதில் விழாமல் உச்சரித்துக் கடந்துவிடுகிறோம்.

ஒரு யோசனை. பதினைந்து நாளைக்கு வகுப்பில் "போகிறது", "வருகிறது", "அந்தப் பக்கம்" ஆகிய சொற்களுக்குத் தடை போடுங்கள். "இரண்டு பக்கமும் 5 எடுக்கிறேன்", "இரண்டு பக்கத்தையும் 3 ஆல் வகுக்கிறேன்" என்று முழு வாக்கியமாகச் சொல்லவையுங்கள். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். முடிந்தால் தெரிந்த கடை அண்ணாச்சியிடம் ஒரு தட்டுத் தராசு கேட்டு வாங்குங்கள். மின்னணுத் தராசு இதற்கு உதவாது. இரண்டு தட்டு உள்ளதாக இருக்க வேண்டும்.

வள்ளியூரான் எழுதியது:

ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். நான் இதே "குறி மாறும்" விதியில் படித்துத்தான் பொறியாளரானேன். விளக்கம் எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது. அதனால் என்ன குறைந்துபோனது?

முக்கூடல் டீச்சரிடம் இருப்பது இரண்டு மணி நேரம், பதினொரு பிள்ளைகள். அடுத்த வருடம் அவர்கள் பொதுத் தேர்வு எழுதுவார்கள். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் பழக்கத்திலேயே வந்துவிடும். முதலில் பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். தண்ணீரில் தத்தளிக்கிறவனிடம் ஆற்றின் ஆழத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பத்தாம் வகுப்பில் தோற்று, படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன என் வகுப்புத் தோழர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முக்கூடல் டீச்சர் எழுதியது:

வள்ளியூர் அண்ணன் சொல்வதில் இருக்கும் அக்கறை புரிகிறது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அந்த வரைபட 8 மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு எக்ஸ்² − 4எக்ஸ் + 4 வரையச் சொல்லிக்கொடுத்தேன். எக்ஸ் = −2 என்ற இடத்தில் வர்க்கத்தை −4 என்று எழுதினான். 16 வர வேண்டிய இடத்தில் 8 வந்தது. −1க்கு 9 வர வேண்டியது 7 ஆனது. புள்ளிகளை வைத்துவிட்டு வளைகோடு வரைய முயன்றான், வரவில்லை. அழிரப்பரால் தாளில் ஓட்டை விழும் வரை அழித்தான். அளவுத் திட்டம், அச்சுகள், கட்டங்கள் எல்லாம் அழகாக இருந்தன. குறை எண் ஒன்று அவனைக் கவிழ்த்துவிட்டது.

பழக்கத்தில் வரும் மதிப்பெண் என்று நாம் நினைப்பதற்கு அடியிலும் ஏழாம் வகுப்புக் கணக்குதான் இருக்கிறது அண்ணா.

களக்காட்டு வாழைக்காரர் எழுதியது:

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். தவறாக இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

என் மகன் ஒன்பதில் படிக்கிறான். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று கேட்டான். பள்ளியில் அதுதான் விதி என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். உரக்கடையில் என் பேரில் 200 ரூபாய்க் கடன் சீட்டு சில கிடக்கிறது என்று வைத்துக்கொள். ஒரு சீட்டு என்றால் எனக்கு மைனஸ் 200. கடைக்காரர் அதில் மூன்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். சீட்டு மூன்று குறைந்தது, அது மைனஸ் 3. என் நிலைமை முன்பைவிட என்ன ஆனது? அவன் கொஞ்ச நேரம் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "600 ரூபாய் ஏறிவிட்டது அப்பா" என்றான்.

இது சரியான விளக்கம்தானா ஐயா?

பாளை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

நூற்றுக்கு நூறு சரி. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் குறை எண்களுக்கு விதி எழுதியபோது பயன்படுத்திய சொற்களும் இவைதான்: மிகை எண்ணுக்குத் தனம், குறை எண்ணுக்கு ருணம். தனம் என்றால் செல்வம், ருணம் என்றால் கடன். இரண்டு ருணங்களைப் பெருக்கினால் தனம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். களக்காட்டில் வாழைத்தோட்டத்தில் நின்றுகொண்டு நீங்களும் கடனிலிருந்துதான் தொடங்கியிருக்கிறீர்கள். மகனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடன் பேச்சு பிடிக்காத பிள்ளைகளுக்கு நான் அணையைக் காட்டுவேன். நம் பக்கத்து நாளிதழ்களில் அணை நீர்மட்டம் வருகிறதே, அதைக் கத்தரித்து வகுப்புச் சுவரில் ஒட்டுவேன். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழு உயரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பாபநாசத்தில் இன்றைக்கு 100 அடி தண்ணீர், நாளுக்கு 2 அடி வீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூன்று நாள் கழித்து? 94. அதாவது −2 × 3 = −6. மூன்று நாளைக்கு முன்பு? 106. முன்பு என்பதால் நாள் −3, இறக்கம் என்பதால் −2, இரண்டையும் பெருக்கினால் 6 அடி கூடுதல். ஒரு பிள்ளைகூட இதில் தடுமாறிப் பார்த்ததில்லை.

திசையன்விளை மளிகை எழுதியது:

தராசுப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் கடையில் பழைய தட்டுத் தராசு ஒன்று பரணில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

என் வருத்தம் வேறு. பிள்ளைகளுக்குப் பின்னம் போய்விட்டது. முக்கால் கிலோ என்றால் 750 கிராம் என்று உடனே சொல்கிறார்கள். முக்காலில் பாதி எவ்வளவு என்றால் 375 என்று கிராமில்தான் வருகிறது, எட்டில் மூன்று பங்கு என்று வருவதில்லை. எங்கள் ஆச்சி பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். அரைக்கால், வீசம், மாகாணி என்று வாயாலேயே கூட்டிக் கழிப்பார்கள். அரைக்கால் என்ற சொல்லைப் பாருங்கள்: அரையும் காலும் பெருக்கிய 1/8 அது. கணக்கு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

பாளை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

அண்ணாச்சி, என் நெஞ்சுக்கு நெருக்கமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். மாகாணி இன்னும் அழகு. மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்ட வேண்டுமானால் பகுதியைச் சமமாக்க வேண்டும். 1/20 என்பது 4/80. அதோடு 1/80 சேர்ந்தால் 5/80, சுருக்கினால் 1/16. மாகாணி என்பதன் மதிப்பும் 1/16தான். அரைக்கால் பெருக்கல், மாகாணி கூட்டல். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்ற கேள்விக்கே இடமிருக்காது.

இயற்கணிதத்தில் விழுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் உண்மையில் பின்னத்தில் விழுகிறார்கள். எக்ஸ்/2 + எக்ஸ்/3 = 10 என்பதில் எக்ஸ் தடையே இல்லை. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் 5/6 என்று தெரிந்த பிள்ளை எக்ஸ் = 12 என்று எழுதிவிடும். தெரியாத பிள்ளை 2எக்ஸ்/5 என்று எழுதும்.

அம்பை மாணவி எழுதியது:

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அக்காவின் டியூஷன் பிள்ளைகளைப் போலத்தான் நானும். எனக்கு எண் என்றால் பயமில்லை, எழுத்து வந்தால்தான் பயம். எட்டாம் வகுப்பில் எக்ஸ் = 5 என்றால் 3எக்ஸ் என்பது 35 என்று எழுதினேன். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சந்தேகம் கேட்பதையே விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு சந்தேகம் கேட்கலாமா? 3எக்ஸ் + 2 ஏன் 5எக்ஸ் ஆகாது? ஒத்த உறுப்பு இல்லை என்று எழுதத் தெரியும். ஏன் என்று தெரியாது.

முக்கூடல் டீச்சர் எழுதியது:

கண்டிப்பாகக் கேள் கண்ணு. சிரித்தவர்களில் பலருக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கும்.

எங்கள் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். இதே கேள்வி வந்தபோது ஒரு பிள்ளையின் அம்மா வாசலில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து மூன்று கட்டும் இரண்டு உதிரிப் பீடியும் வாங்கித் திண்ணையில் வைத்தேன். "இது ஐந்து கட்டா?" என்று கேட்டேன். பதினொரு பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். கட்டுக்கு 25. அப்படியானால் மூன்று கட்டு 75, உதிரி இரண்டு, மொத்தம் 77. ஐந்து கட்டு என்றால் 125. பீடிக் கடையில் போய் 77-ஐ 125 என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்த அம்மாவே கேட்டார்கள்.

பாளை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

நல்ல காட்சி. ஆனால் ஓர் எச்சரிக்கை அம்மா. எக்ஸ் என்பது கட்டு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸ் என்பது கட்டுக்குள் இருக்கும் பீடிகளின் எண்ணிக்கை. அது ஓர் எண். மா என்றால் மாம்பழம், வா என்றால் வாழைப்பழம் என்று எழுத்தைப் பொருளாக்கிச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள், இரண்டு எழுத்துகளைப் பெருக்கச் சொல்லும்போது திகைத்து நிற்பார்கள். மாம்பழத்தை வாழைப்பழத்தால் எப்படிப் பெருக்குவது?

அம்பைப் பிள்ளைக்கு: எக்ஸுக்கு நீயே ஓர் எண் போட்டுப் பார். 4 போட்டால் 3எக்ஸ் + 2 என்பது 14, 5எக்ஸ் என்பது 20. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் 1 போட்டால் இரண்டுமே 5 வரும். அதனால் ஒரே எண்ணைப் போட்டுப் பார்த்து ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடாதே. எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தினால்தான் முற்றொருமை.

அம்பை மாணவி எழுதியது:

போட்டுப் பார்த்தேன் ஐயா. 0, 2, 10, −1 எல்லாம் போட்டேன். 1க்கு மட்டும்தான் பொருந்துகிறது. அப்படியானால் 3எக்ஸ் + 2 = 5எக்ஸ் என்பது ஒரு சமன்பாடு, அதன் விடை 1. சரியா?

பாளை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

சரி. நான் சொல்லாததையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிட்டாய்.

நெல்லை வாசகி எழுதியது:

கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் படிக்கிற பிள்ளைகள் கையில் பீடிக் கட்டைக் கொடுத்தா பாடம் நடத்த வேண்டும்? வேறு உதாரணம் இல்லையா?

முக்கூடல் டீச்சர் எழுதியது:

நீங்கள் சொல்வதை மதிக்கிறேன் மைனி. அந்தப் புகையை நானும் வெறுக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதற்கு முன்பே 25, 50, 75 என்று எண்ணப் பழகியது அம்மாவின் மடியிலிருந்த சுளகில்தான். ஆயிரம் பீடிக்கு இத்தனை கட்டு என்று கூலிக்கணக்குப் போட்டே வளர்ந்தவர்கள். அம்மாவின் வேலை பாடத்துக்குள் வந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் முன்னால் வந்து உட்கார்ந்தான். அதை நான் இழக்க விரும்பவில்லை.

முக்கூடல் டீச்சர் எழுதியது (பதினெட்டு நாள் கழித்து):

தராசு வந்துவிட்டது. திசையன்விளை அண்ணாச்சி உறவினர் மூலம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். நன்றி அண்ணாச்சி.

ஒரே எடையில் மூன்று பொட்டலம் புளி கட்டினேன். எடையைச் சொல்லவில்லை. இடது தட்டில் இரண்டு பொட்டலமும் 300 கிராம் படிக்கல்லும், வலது தட்டில் ஒரு பொட்டலமும் 800 கிராம் படிக்கல்லும் வைத்தேன். முள் நேராக நின்றது. 2எக்ஸ் + 300 = எக்ஸ் + 800. நான் வாயைத் திறக்கவில்லை. −12 எழுதிய அதே சிறுமி எழுந்து வந்தாள். இடது கையால் ஒரு பொட்டலம், வலது கையால் ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தாள். முள் கொஞ்சம் ஆடி நேரானது. பிறகு இரண்டு பக்கமும் 300 எடுக்க வேண்டும் என்றாள். வலது பக்கம் 800க்கு ஒரே கல் கிடையாது, 500, 200, 100 என்று மூன்று கல். அவற்றில் 200-ஐயும் 100-ஐயும் எடுத்தாள். மிச்சம் 500. "டீச்சர், ஒன்றுமே அந்தப் பக்கம் போகவில்லையே" என்றாள்.

அடுத்த நாள் எக்ஸ்/4 = 3 கொடுத்தேன். "கால் பங்கு 3 என்றால் முழுசு 12" என்று தராசைத் தொடாமலேயே சொன்னாள்.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். 5 − எக்ஸ் = 8 என்பதைத் தராசில் எப்படி வைப்பது? ஐந்திலிருந்து எதையோ எடுத்த பிறகு எட்டாகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், என்னிடம் பதில் இல்லை.

பாளை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

தராசு அங்கே நின்றுவிடும் அம்மா. அது நல்லதுதான். இரண்டு பக்கமும் எக்ஸைக் கூட்டச் சொல்லுங்கள்: 5 = 8 + எக்ஸ். குறையாக இருப்பதைக் கூட்டி நிறைவாக்கும் இந்தச் செயலுக்குத்தான் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி 'அல்-ஜப்ர்' என்று பெயர் சொன்னார். அல்ஜீப்ரா என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. இனி கேள்வி எளிது: எட்டோடு எதைச் சேர்த்தால் ஐந்தாகும்? இந்த இடத்தில் தராசை இறக்கிவைத்துவிட்டுக் களக்காட்டுக்காரரின் கடன் சீட்டை எடுங்கள்.

வள்ளியூரான் எழுதியது:

இழையை முதலிலிருந்து மறுபடி படித்தேன். தேர்ச்சி பற்றிய என் கவலை இன்னும் போகவில்லை. ஆனால் அந்த −12 என்னை யோசிக்க வைத்துவிட்டது. என் நினைவில் அந்த விதி வேலை செய்தது, ஏனென்றால் கூட்டல் எது, பெருக்கல் எது என்று எனக்கு யாரோ முன்பே புரியவைத்திருந்தார்கள். அது யார் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளி வழியாக வரைபடப் பயிற்சிக்கு நான் ஒரு மணி நேரம் தரத் தயார். எக்ஸ்² − 4எக்ஸ் + 4 வரைந்த தாளை எக்ஸ் = 2 என்ற கோட்டில் மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். −2க்கு வரும் மதிப்பும் 6க்கு வரும் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டுமே 16. அந்தப் பையன் மடித்துப் பார்த்திருந்தால் 8 தவறு என்று தானே கண்டுபிடித்திருப்பான்.

முக்கூடல் டீச்சர் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. வரும் ஞாயிறே தொடங்கலாம். மடித்துப் பார்க்கும் வழி எனக்கே புதிது.

இன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு சமன்பாடு சொந்தமாக எழுதி வரச் சொல்லியிருந்தேன். அந்தச் சிறுமி எழுதி வந்தது: 2எக்ஸ் + 3 = 2எக்ஸ் + 8. அவளே இரண்டு பக்கமும் இரண்டு பொட்டலத்தை எடுத்திருக்கிறாள், நோட்டில் படம் போட்டு. கடைசி வரியில் 3 = 8 என்று வந்து நிற்கிறது. அழித்து அழித்து மூன்று தடவை செய்திருக்கிறாள். "தராசு பொய் சொல்கிறதா டீச்சர், நான் தப்பாக எழுதிவிட்டேனா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நாளை வரை யோசி என்று அனுப்பிவிட்டேன்.

பாளை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

அவள் செய்த வேலையில் தப்பே இல்லை. எந்தப் பொட்டலத்தை வைத்தாலும் அந்தத் தராசு நேராக நிற்காது. தீர்வு இல்லை என்று எழுதலாம் என்று நாளைக்கு அவளே சொல்கிறாளா என்று பாருங்கள். சொல்லிவிட்டால் அடுத்ததாக 2(எக்ஸ் + 4) = 2எக்ஸ் + 8 கொடுங்கள். என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.